காது கேட்ட கேள்வி

தன்ஷிகாவின் வலது காது பேச ஆரம்பித்த அன்றைக்குத் தறிப்பாளையத்தில் கரண்ட் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்பு என்று சொல்லிக் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிறுத்திவிடுவார்கள், அந்த ஒரு நாள்தான் அந்த ஊரில் குருவி கத்துவதும் குழாயில் தண்ணீர் சொட்டுவதும் கேட்கும். மற்ற நாளெல்லாம் தெருவுக்குத் தெரு, சந்துக்குச் சந்து விசைத்தறி அடிக்கிற அடியில் பாதிப் பேருக்குக் காது மந்தம், மீதிப் பேர் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள், ரகசியம் சொல்ல வேண்டுமென்றால் ஊர் எல்லை தாண்டிப் போய்த்தான் சொல்ல வேண்டும், கோவிலில் சாமியிடம்கூடக் கத்தித்தான் வேண்டிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், தறிகள் எல்லாம் வாயை மூடிக்கிடந்த ஒரு முற்பகலில், மூன்று வயதுக் குழந்தை காய்ச்சலோடு அம்மா மடியில் படுத்திருக்க, அதன் வலது காதுக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"யாரு அது? நீ என்ன ஆளு?"

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை. ராத்திரியெல்லாம் கேட்டில் நின்று அலுத்துப்போன காவல்காரரின் குரல் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், "நம்மாளு, போ" என்றது. அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம் கோபமாக, "வேத்தாளு! வேத்தாளு! எல்லாரும் வாங்கடா" என்றது. அப்போது குழந்தை வீறிட்டு அழுதது.

அம்மா ரஞ்சனிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. காது பேசியதற்காக இல்லை. காதென்று இருந்தால் என்றைக்காவது பேசத்தான் செய்யும் என்பது போல அதை அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். அது கேட்ட கேள்விக்காக.

"நீங்க என்ன ஆளுங்க?" என்பது அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத கேள்வி. வாடகைக்கு வீடு கேட்டு வருகிறவரிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், பிள்ளைக்கு டியூஷன் எடுக்க வந்த டீச்சரிடம், ஊர் பேர் வேலை எல்லாம் விசாரித்து முடித்து, தண்ணீரெல்லாம் கொடுத்து, கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன் என்கிற பாவனையில் கேட்கிற கேள்வி அது. பதிலைப் பொறுத்துத்தான் அடுத்த தம்ளர் காபி. இந்தக் கேள்விக்கு ரஞ்சனியிடம் இருந்த பதில் பொய்ப் பதில். அந்தப் பொய்யை அவள் சொல்லவில்லை. அவளுடைய மாமனார் சென்னியப்பன் அவளுக்காகச் சொல்லி வைத்திருந்தார்.

பூபதியும் அவளும் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்த்தபோது ஒருவரை ஒருவர் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். பூபதியின் வீட்டாருக்கு அவள் எந்த ஆள் என்று தெரிந்த அன்றைக்குப் பெரிய ரகளை நடந்தது, அப்புறம் ஒரே பையன் கையை விட்டுப் போய்விடுவானே என்கிற பயத்தில் சென்னியப்பன் இறங்கிவந்து, ஊருக்குள் அவளை அழைத்துவந்த அன்று தெருவில் நின்று, "பொண்ணு கரூர்ப் பக்கமுங்க. தூரத்து உறவு. நம்மாளுதானுங்க" என்று பார்த்தவரிடமெல்லாம் கத்திச் சொன்னார். தறி சத்தத்தில் கத்தித்தானே சொல்ல வேண்டும். அன்றைக்கு இரவு பூபதி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு என்ன கேட்டாலும் நீ பேசாத. நான் இருக்கறேன்" என்றான். அவள் நம்பினாள். நம்பாமல் எப்படிக் குடித்தனம் நடத்துவது.

இப்போது அதே கேள்வியைக் குழந்தையின் காது கேட்கிறது. கரண்ட் இல்லாததால் அதைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், எதிர்வீட்டுக்காரர்களும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் சென்னியப்பனின் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வந்தவர்களில் ஒருவர்கூடக் காது எப்படிப் பேசும் என்று கேட்கவில்லை. சரியான கேள்வியைத்தான் கேட்கிறது என்பதில் எல்லாருக்கும் ஒரு திருப்தி.

"குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்குதுங்க மாமா. டாக்டர் குடுத்த மருந்தக் குடுத்தர்றனுங்க" என்றாள் ரஞ்சனி.

முந்தின நாள்தான் அவள் குழந்தையைப் பக்கத்து டவுனுக்குத் தூக்கிக்கொண்டு போய் டாக்டர் ஜெசிந்தாவிடம் காட்டியிருந்தாள். சளி தொண்டையிலிருந்து காதுக்குள் ஏறிவிட்டது, உள்ளே கிருமி சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். பாட்டிலில் பவுடராக இருக்கும், காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுக்க வேண்டும். ஆரஞ்சு மிட்டாய் வாசனை அடிக்கும் அந்தப் பாட்டிலைச் சென்னியப்பன் அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"மருந்து உள்ள போனா இது போயிருமே அம்மிணி" என்றார். "இன்னைக்கு ஒரு பொழுது பாக்கலாம். குழந்தைக்கு நெத்தியில ஈரத்துணி போடு."

பாட்டிலை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ரஞ்சனி பூபதியைப் பார்த்தாள். பூபதி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பன்கிட்ட இப்பச் சண்ட போட வேண்டாம். நான் வேற பாட்டில் வாங்கியாறேன். நான் இருக்கறேன் இல்ல" என்றான். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். மெடிக்கல் மூடிவிட்டதாம். அடுத்த நாள் ஸ்டாக் இல்லையாம். அதற்கடுத்த நாள் அவளே கேட்பதை விட்டுவிட்டாள், மாமனார் குளிக்கப் போகிற நேரம் பார்த்துப் பீரோ சாவியைத் தேடிப் பார்த்தாள், அவர் குளிக்கும்போதும் சாவியைக் கழற்றுவதில்லை என்று தெரிந்துகொண்டாள்.

ஊர் அந்தக் காதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். ஊர்த் தலைவர் காளியண்ணனின் கல்யாண மண்டபத்து மேடையில், மாப்பிள்ளை பெண் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலியில் ரஞ்சனியை உட்காரவைத்து, அவள் மடியில் குழந்தையை வலது காது மேலே இருக்கும்படி படுக்கவைத்தார்கள். மைக் செட்காரர் ஒரு சின்ன மைக்கைக் கொண்டுவந்து காதுக்குப் பக்கத்தில் கட்டினார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் தறியை நிறுத்தாத ஊர், தேர் வரும்போதுகூட ஓரமாய்ப் போகச் சொன்ன ஊர், காது பேசுகிற நேரத்துக்காக மொத்தத் தறியையும் தினம் காலையில் நிறுத்தியது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அக்கம்பக்கத்தில் யாருடைய பேச்சையாவது கேட்க வேண்டும் என்று அந்த ஊருக்குத் தோன்றியது, அது இதற்காகத் தோன்றியது.

வரிசை கட்டி நின்றார்கள். ஒவ்வொருவராக மேடையேறிக் காதுக்கு முன்னால் நிற்பார்கள். காது கொஞ்சம் யோசிக்கும். பிறகு "நம்மாளு" என்னும், அல்லது "வேத்தாளு" என்னும். நம்மாளு என்று வந்தால் கீழே கைதட்டல். சம்பந்தம் பேச இருந்தவர்கள் மாப்பிள்ளையைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். வீட்டுக்காரர்கள் குடியிருப்பவர்களை நிறுத்தினார்கள். பேக்கரிக்காரரைக்கூட நிறுத்தினார்கள், அவர் இத்தனை வருஷமாகப் போட்ட பஃப்ஸைத் தின்றவர்கள்தான் நிறுத்தினார்கள். வேத்தாளு என்று வந்தவரைப் பற்றி உடனே யாராவது ஒருவருக்கு ஏதாவது ஞாபகம் வந்துவிடும், இவரோட தாத்தா எங்கிருந்தோ வந்தவர் என்பார்கள், இவங்க வீட்டுக் குழம்பு வாசமே வேற மாதிரி இருக்கும் என்பார்கள். காது தப்பாகச் சொல்லும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய இடத்தில் மட்டும் தோன்றியது.

அந்த இடம் தலைவர் காளியண்ணன். அவர் ஜோராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையேறி நின்றபோது காது, "வேத்தாளு, அடிங்கடா" என்றது. காளியண்ணன் சிரித்துக்கொண்டே, "குழந்தைக்குப் பசி போலிருக்குது. சித்த நேரம் கழிச்சுக் கேளுங்க" என்றார். சித்த நேரம் கழித்துக் கேட்டார்கள். அப்போதும் வேத்தாளு. பிறகு டீ குடித்துவிட்டு வந்து கேட்டார்கள், நம்மாளு என்றது. அதை மைக்கில் மறுபடி மறுபடி சொன்னார்கள். பெரிய மனிதர்களுக்கு இப்படி மறுகேள்வி உண்டு என்று அன்றைக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

திரிநாத்துக்கும் ஒரு கேள்வி கேட்டார்கள். அவன் ஒடிசாக்காரன், சென்னியப்பனின் தறிக்கூடத்தில் வேலை, நூல் மூட்டை ஏற்றுகிற டெம்போவையும் அவனே ஓட்டுவான். விளையாட்டுக்காக அவனை மேடையில் ஏற்றிவிட்டார்கள். காது கொஞ்சமும் யோசிக்காமல், "நம்மாளு, போ, போ" என்றது. சிரித்தவர்களுக்குச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் அவனுக்கு முதல் பந்தியில் இலை போட வேண்டியதாகிவிட்டது. அவன் கூச்சத்தோடு உட்கார்ந்து ரசத்தோடு எழுந்துவிட்டான். நம்ம ஊர்த் தண்ணியை ரொம்ப நாளாகக் குடித்தவன், அதனால் காதுக்குக் குழப்பம் என்று சாயங்காலத்துக்குள் முடிவுசெய்துகொண்டார்கள்.

இதற்கிடையில் குழந்தைக்கு என்ன ஆனது என்று கேட்டால், அதை ரஞ்சனி ஒருத்திதான் பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. காதுக்குப் பின்னால் தொட்டால் சுட்டது. குழந்தை சோறு இறங்காமல், பால் இறங்காமல், தலையை அம்மாவின் நெஞ்சில் இடித்து இடித்து அழுதது. காதுக்குள் ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள், ஒரு குரலாக இருந்தது பல குரலாகி, சந்தை மாதிரி ஆகி, வாங்கடா வாங்கடா என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, இடமில்லாமல் நெருக்கித் தள்ளி, இடி, உடை, பத்தவை என்று கத்தினார்கள். அவர்கள் கத்தும்போதெல்லாம் குழந்தை துடித்தது.

"அம்மா, காதுக்குள்ள இருக்கறவீங்க ஆரு?" என்று கேட்டது.

"உன்னயக் காப்பாத்தறவீங்க கண்ணு. உன்ற ஆளுங்க."

"அப்பறம் ஏம்மா என்னய அடிக்கறாங்க?"

மைக் செட்காரர் ஓடிவந்து, பேச்சு மைக்கில் விழுகிறது, கொஞ்சம் அமைதியாக இருங்கள் என்றார்.

அவளுக்கு நாளுக்கு நாள் இரண்டு பயம். குழந்தையின் காது போய்விடும் என்று ஒரு பயம். யாராவது ஒருவர், ஏம்மா நீயும் முன்னால வந்து நில்லு என்று சொல்லிவிடுவார்கள் என்று இன்னொரு பயம். அவள் எப்போதும் குழந்தையை வைத்துக்கொண்டு காதுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை, நாற்காலியின் ஒரு பகுதியாகவே அவளை நினைத்துவிட்டார்கள். ஒவ்வொரு நாளும் மண்டபம் காலியானதும் பூபதியிடம், "நாளைக்குப் போயர்லாங்க. குழந்தையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயர்லாம்" என்பாள். அவன் ஒவ்வொரு நாளும், "அப்பன் எத்தன சந்தோஷமா இருக்கறாருன்னு பாத்தயா. இத்தன வருஷத்துல அவர யாரும் இப்பிடி மதிச்சதில்ல. இன்னொரு நாள் பொறுத்துக்க, நான் இருக்கறேன்" என்பான். நான் இருக்கறேன் என்கிற வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னால் இருந்ததாக ஆகிவிடும் என்று அந்த மனிதன் உண்மையாகவே நினைத்திருக்கிறான்.

கடைசியில் அது தோன்றவேண்டியவளுக்குத் தோன்றிவிட்டது. தன் மகனுக்குப் பார்த்திருந்த பெண் வேத்தாளு என்று வந்து சம்பந்தம் முறிந்துபோன ஒரு அம்மாள், வரிசையில் நிற்காமல் நேராக மேடைக்கு முன்னால் வந்து, "ஊருக்கெல்லாம் கேட்டாச்சு. பெத்தவளுக்குக் கேட்டீங்களா?" என்றாள்.

கெட்ட எண்ணத்தில் கேட்டாளா, ஆற்றாமையில் கேட்டாளா என்று தெரியவில்லை. மண்டபத்தில் பலர் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தார், ஆனால் அவர் கை இடுப்பில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டது. குழந்தையை வேறொருத்தி மடிக்கு மாற்றி, ரஞ்சனியைக் காதுக்கு முன்னால் நிறுத்தினார்கள். அவள் பூபதியைத் தேடினாள். அவன் மேடையின் ஓரத்தில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் பார்த்ததைப் பார்த்தான்.

காது முனகியது. உள்ளே ஏதோ புரண்டது. "யாரு அது? நீ என்ன ஆளு?" என்றது. பிறகு ஸ்பீக்கர் கிழிகிற மாதிரி, "வேத்தாளு! வேத்தாளு!" என்றது.

இந்த இடத்தில் நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். அந்த நேரத்தில் மண்டபத்தில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. சென்னியப்பனின் மருமகளாவது வேத்தாளாவது என்று முன்வரிசையில் இருந்தவர்கள் கையை அசைத்தார்கள். சம்பந்தம் முறிந்த அம்மாளே, பாத்தீங்களா, காது தப்புத்தப்பாத்தான் சொல்லுது, எனக்கு வரப்போற மருமகளையும் அப்படித்தான் சொல்லிப்போட்டுது என்று சந்தோஷமாகத் திரும்பினாள். தலைவர் காளியண்ணன் எழுந்து, "அட, எனக்கே அப்படித்தான் சொல்லுச்சு. டீ குடிச்சுப்போட்டு இன்னொருக்காக் கேட்டாச் செரியாப் போயிரும்" என்றார். தப்பிக்கிற கதவு அகலமாகத் திறந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு டீ குடித்திருந்தால் போதும்.

பூபதி பேசினான். யாரும் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தானாக முன்னால் வந்து, மைக்குக்குப் பக்கத்தில் வந்து, வேர்த்த முகத்தோடு, "எனக்குத் தெரியாதுங்க" என்றான். "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. கரூர்ப் பக்கம்னு சொன்னா, நம்பிக் கட்டிக்கிட்டனுங்க. என்ற காதுல நல்லாப் பூவச் சுத்திப்போட்டா."

எல்லாருக்கும் கேட்டது. தறி ஓடாத நேரம்.

ரஞ்சனி அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆத்திரம் வர வேண்டிய இடத்தில் அவளுக்கு முதலில் ஆச்சரியம்தான் வந்தது, இவன் முகத்தை இத்தனை வருஷம் தினமும் பார்த்திருக்கிறோமே, இதில் எந்த இடத்தில் இது ஒளிந்திருந்தது என்று. அப்புறம் மாமனாரைப் பார்த்தாள். பொய்யைச் சொன்னவர் அவர். அவர் மண்டபத்துத் தரையில் விழுந்துகிடந்த ஒரு பூவைக் குனிந்து எடுத்து மேசையில் வைத்தார், அது இப்போது ரொம்ப முக்கியம் என்கிற மாதிரி. அப்போதுதான் ஆத்திரம் வந்தது.

"பொம்பள போலாம். குழந்த இங்கயே இருக்கட்டும், குழந்த நம்மாளு" என்று யாரோ சொன்னார்கள். காளியண்ணன் தலையாட்டினார். அவள் மேடையில் இரண்டு எட்டு வைத்து, குழந்தையை அந்தப் பெண்ணின் மடியிலிருந்து பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மைக் ஒயர் அறுந்து தொங்கியது. தடுக்கக் கை நீட்டினார்கள். சரியாக அந்த நேரத்தில் காதுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக ஒரு கத்துக் கத்தினார்கள். குழந்தை உடம்பு வில்லாக வளைந்தது, பிறகு தளர்ந்தது, காதிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகச் சீழ் பொத்துக்கொண்டு வழிந்து ரஞ்சனியின் தோளை நனைத்தது. அதோடு சத்தம் நின்றுவிட்டது. நீட்டிய கைகள் எல்லாம் சட்டென்று பின்வாங்கின, சட்டையில் பட்டுவிடும் என்று ஒதுங்கி ஒதுங்கி அவளுக்கு வாசல் வரைக்கும் வழிவிட்டார்கள்.

வெளியே திரிநாத் டெம்போவை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தான். "அக்கா, ஏறு" என்றான். அவ்வளவுதான் அவன் தமிழ். நூல் கோன்கள் உருளுகிற வண்டியில் அவளை முன்னால் உட்காரவைத்து டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் ஹார்னில் கைவைத்தபடி ஓட்டினான்.

டாக்டர் ஜெசிந்தா குழந்தையின் காதை லைட் அடித்துப் பார்த்தார், சுத்தம் செய்தார், ஊசி போட்டார், பாட்டில் மருந்து என்ன ஆச்சு என்று கேட்டுத் திட்ட ஆரம்பித்து, ரஞ்சனியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். குழந்தை பல நாளைக்கப்புறம் வாயைத் திறந்துகொண்டு ஆழமாகத் தூங்கியது.

"செவிப்பறை கிழிஞ்சிருக்கு. சின்னக் கிழிசல்தான், பெரும்பாலும் தானாவே மூடிக்கும். ஆனா ரொம்ப நாள் விட்டுட்டீங்கம்மா, கேக்கற சக்தி முழுசாத் திரும்புமான்னு போகப்போகத்தான் சொல்ல முடியும்" என்றார்.

"காது பேசுச்சுங்க டாக்டர்."

"பேசும். சில குழந்தைங்களுக்கு இரைச்சல் கேக்கும், சில குழந்தைங்களுக்குப் பேச்சு வெளியவே கேக்கும். என்ன பேசுச்சு?"

ரஞ்சனி சொன்னாள். நம்மாளு வேத்தாளு எல்லாம் சொன்னாள். தன்னை நிறுத்தியதையும் சொன்னாள். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"காதுக்குள்ள கண்ணா இருக்கும்மா உங்களப் பாத்துச் சொல்றதுக்கு?" என்றார். "உள்ள கிருமி ஏறுது. நம்ம ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு, அதுங்கதான் காவல். வர்றவன் யாருன்னு ஒவ்வொருத்தனையும் தொட்டுத் தடவிப் பாக்கும், நம்ம உடம்பு ஆளா, வெளி ஆளான்னு. சில கிருமி வழுக்கற மாதிரி ஒரு சட்டை போட்டுட்டு வரும், பிடிச்சாப் பிடி நிக்காது, அதை நம்மாளுன்னு விட்டுடும். சட்டை இல்லாதது வந்தா வேத்தாளுன்னு கத்தும். அவ்வளவுதான் அது பேசினது. வெளிய யாரு நிக்கறாங்க, என்ன சாதி, என்ன குலம், அதுக்கு என்ன தெரியும்? நீங்க நின்ன நேரம் உள்ள ஒரு கிருமி மாட்டியிருக்கும்."

"என்னயச் சொல்லலீங்களா?"

"உங்கள எப்படிம்மா சொல்லும்? இந்தக் குழந்தை பொறந்தப்ப அதுக்குன்னு சொந்தமாப் பெருசா காவலே கிடையாது. உங்க ரத்தத்துலயும் உங்க பால்லயும் போனதுதான் அதுக்கு மொதல் காவல்."

ரஞ்சனி சுவரில் சாய்ந்துகொண்டாள். காது ஒரு நாளும் அவளைச் சொல்லவில்லை. தலைவரையும் சொல்லவில்லை, திரிநாத்தையும் சொல்லவில்லை. அப்படியானால் அவளை ஊருக்குக் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு வாய்தான்.

"அப்ப இத்தன வலி, அந்தக் கிருமியாலதானுங்களே?" என்று கேட்டாள்.

"கிருமியாலயும்தான். ஆனா பாதிக்கு மேல நம்மளோட ஆளுங்களாலதான்மா. காப்பாத்தறேன்னு கூட்டமா வந்து, சூடு ஏத்தி, வீங்க வச்சு, இடமில்லாம முட்டி, கடைசியில செவிப்பறையே கிழிஞ்சிடும். அந்தச் சீழ் இருக்கே, அதுல பெரும்பங்கு செத்துப்போன காவல்காரங்கதான்."

அவள் அப்போதுதான் அழுதாள். மண்டபத்தில் அழவில்லை, டெம்போவில் அழவில்லை. புடவைத் தோளில் காய்ந்து ஒட்டியிருந்த கறையை விரலால் சுரண்டிக்கொண்டே, நர்ஸ் வந்து தண்ணீர் கொடுக்கும் வரைக்கும் அழுதாள்.

டாக்டர் சொன்னது தறிப்பாளையத்துக்குப் போய்ச் சேர வெகு நேரம் ஆகவில்லை. ஊருக்கு அதில் எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. வேத்தாளு என்று வந்தவர்கள் எல்லாரும் மறுபடி நம்மாளு ஆகிவிட்டார்கள், முறிந்த சம்பந்தம் ஒட்டிக்கொண்டது, பேக்கரியில் பஃப்ஸ் தீர்ந்துபோனது. திரிநாத் மட்டும் மறுபடி ஒடிசாக்காரன் ஆனான், சொல்லாமல் டெம்போவை எடுத்ததற்கு அவனுக்கு ஏச்சு வேறு. தறிகள் ஓட ஆரம்பித்தன. காது சொன்னது பொய் என்றால் ரஞ்சனியைச் சொன்னதும் பொய்தானே என்று சென்னியப்பன் தெருவில் நின்று கத்திச் சொன்னார், ஊரும் உதட்டைப் பார்த்துத் தலையாட்டியது. பூபதி மண்டபத்தில் பேசியது யாருக்கும் ஞாபகமில்லை. ஞாபகப்படுத்தினாலும், பயத்தில் ஏதோ உளறினான், விடுங்கள் என்றார்கள். ஊர் நினைத்தால் எதையும் மறந்துவிடும், அந்தக் கெட்டிக்காரத்தனம் ஊருக்கு உண்டு.

மூன்றாம் நாள் காலையில் பூபதி ஆஸ்பத்திரிக்கு வந்தான். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு. குழந்தைகள் வார்டு வாசலில் நின்று அவளைத் தேடி, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தான். தன்ஷிகா இடது பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்பா கூப்பிட்டபோது உடனே திரும்பவில்லை. அவன் வலது காதுப் பக்கம் நின்று கூப்பிட்டிருந்தான்.

"காது சொன்னது உன்னய இல்லியாமா" என்றான் அவளிடம். குரலில் மெய்யான சந்தோஷம் இருந்தது. "கிருமியச் சொன்னதாமா. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனி ஒரு வம்பும் இல்ல. அப்பனே ஊட்டுக்குக் கூட்டியாறச் சொல்லிப்போட்டாரு."

"காது என்னயச் சொல்லலீன்னு எனக்கும் சொன்னாங்க" என்றாள் ரஞ்சனி. "நீங்க சொன்னீங்க."

"அப்ப வாயில என்ன வருதுன்னே தெரியல ரஞ்சனி. அத்தன பேரு. பயந்துபோனேன்."

"நானும்தான் பயந்துபோயி நின்னேன். உங்களத்தான் பாத்துக்கிட்டு நின்னேன்."

அவன் ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தான், மறுபடி எடுத்தான். "ஒரு தப்பு நடந்துபோச்சு. அதுக்குன்னு குடும்பம் வேண்டாம்னு ஆயிருமா? இன்னொருக்கா இப்பிடி ஆகாது. நான்..." என்று ஆரம்பித்தவன், அடுத்து வர வேண்டிய வார்த்தை அவன் காதுக்கே எப்படிக் கேட்கும் என்று தோன்றியதோ என்னவோ, நிறுத்திக்கொண்டான்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு நர்ஸ் வந்தாள். கட்டிலுக்கு ஒருத்தர்தான் இருக்கலாம், சொந்தக்காரர் என்றால் மட்டும் சித்த நேரம் விடுவார்கள். பூபதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரஞ்சனியிடம் கேட்டாள்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

உறவு கேட்கிற கேள்விதான், எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்பார்கள். பூபதி பதில் சொல்ல வாயெடுத்தான். ரஞ்சனி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பாப்பாவுக்கு அப்பா வேணுமுங்க" என்றாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாமுங்க."

நர்ஸுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கிவிட்டது. ஃபிளாஸ்க்கை வேண்டுமானால் வைத்துவிட்டுப் போங்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்த் தெர்மாமீட்டரை உதறினாள்.